நனைந்துபோன கடைசி டப்பா

கோமதிக்கும் குமாருக்கும் எழுதுவது.

போன மாதம் கோமதி வந்திருந்தபோது என் போனில் ஒரு படத்தை ஏற்றிக் கொடுத்தாள். "அப்பா, மூணு கூட்டாளிங்க மேற்கே மலைக்குப் போய்த் தங்கம் தோண்டுவாங்கன்னு சொல்லுவீங்களே, அந்த இங்கிலீஷ் படம். எப்படியோ தேடிப் பிடிச்சிட்டேன். முழுசா இருக்கு" என்றாள். குமார் பக்கத்தில் நின்றுகொண்டு, "கடைசியில என்ன ஆச்சுன்னு அப்பாவுக்கே தெரியாதாம். ஓட்டுன ஆபரேட்டருக்கே முடிவு தெரியாத படம் உலகத்துலயே அது ஒண்ணாத்தான் இருக்கும்" என்று சிரித்தான். அந்தச் சிரிப்புக்குப் பதில் இருக்கிறது. இப்போது சொல்கிறேன். எட்டாம் வகுப்போடு நின்றவன் எழுதுவது. பிழை இருந்தால் நீங்களே திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

வேலை பழகின கதை பெரிதாக ஒன்றும் இல்லை. கொட்டகையில் போஸ்டர் ஒட்டப் போனேன், பிறகு ரீல் சுற்றினேன், பிறகு மதுரைக்குப் போய்ப் பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கினேன். நான் சொல்லப்போகிற சமயத்தில் எனக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. படம் ஓட்டுகிற கேபின் முழுக்க என் பொறுப்பு.

இப்போது படம் எப்படியோ கம்பியில்லாமல் வந்து இறங்கிவிடுகிறது என்கிறார்கள். அப்போது பெட்டி பஸ்ஸின் கூரையில் வரும். பெட்டிக்குள் தகர டப்பாக்கள், டப்பாவுக்கு ஒரு ரீல். வந்ததும் ஒவ்வொரு ரீலையும் விரலால் படிக்க வேண்டும். மெல்லிய துணியை மடித்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து, படச்சுருளின் இரண்டு ஓரமும் அதில் உரசிப் போகும்படி மெதுவாகச் சுற்றுவேன். ஓரத்தில் கிழிசல் இருந்தால் துணி சொல்லும். அந்த இடத்தை வெட்டி, மேலே பூசியிருக்கும் மருந்தைச் சுரண்டி, பிலிம் சிமெண்ட் என்கிற பசை தடவி ஒட்டுவேன். அவசரப்பட்டு ஒட்டினால் ஜனம் நிறைந்த கொட்டகையில் அது அறுந்து நம் மானத்தை வாங்கும்.

மெஷின் இரண்டு. ஒன்றில் ரீல் முடியும்போது திரையின் வலது மேல் மூலையில் சின்னதாக ஒரு புள்ளி வந்து மறையும். உடனே அடுத்த மெஷினை ஓட விட வேண்டும். மறுபடி புள்ளி வரும்போது மாற்றிவிட வேண்டும். கோமதி ஏற்றிக் கொடுத்த படத்திலும் அந்தப் புள்ளி வருகிறது. போனைப் பிடித்திருந்த என் கை தானாக அடுத்த மெஷினுக்கு நீண்டுவிட்டது.

எனக்கு மேலே ஒரே ஒருவர்தான். முதலாளியம்மா. முதலாளி இறந்த பிறகு, "பொம்பள கொட்டகை நடத்துதாளா?" என்று கேட்ட சொந்தக்காரர்களை ஒரு வாய்க் காப்பியோடு அனுப்பிவிட்டு நடத்தியவர்கள். பெண்கள் பக்கத்து வாசலில் ஒரு மடக்கு நாற்காலி, மடியில் டார்ச் லைட். உள்ளே வந்து ஒரு படம் பார்த்து நான் கண்டதில்லை. காதால்தான் எல்லாம். எந்த ரீல் ஓடுகிறது, எந்த இடத்தில் சிரிப்பு குறைந்தது என்று வெளியே இருந்தபடி சொல்வார்கள். திரை இருண்டால் ஆள் அனுப்பிக் கேட்பது ஒரே கேள்வி: "அறுந்துட்டா, கரண்டா?" படம் ஓடும்போது திட்ட மாட்டார்கள். முடிந்து ஜனம் போன பிறகு கூப்பிட்டு உட்காரவைத்து நிதானமாகத் திட்டுவார்கள். திட்டி முடித்ததும், "சாப்ட்டியா?" என்பார்கள்.

படம் முடிந்ததும் திரையில் ஒரு கண்ணாடி ஸ்லைடு காட்டுவோம். எங்களிடம் இரண்டு இருந்தன. ஒன்றில் 'சுபம்' என்று எழுதி இரண்டு தாமரை வரைந்திருக்கும். இன்னொன்றில் கைகூப்பிய படம், 'வணக்கம்'.

ஓர் ஆடித்தபசுத் திருவிழாவுக்கு நாங்கள் போடவேண்டிய தமிழ்ப் படம் வேறு ஊரில் நன்றாக ஓடிக்கொண்டிருந்ததால் பெட்டி வரவில்லை. தபசுக்கு ஊர் நிறைய ஜனம். படம் வாடகைக்குக் கொடுக்கும் கம்பெனிக்காரர் பதிலுக்கு அனுப்பியதுதான் இந்தப் பழைய இங்கிலீஷ் படம். பெட்டி ராஜபாளையத்திலிருந்து பஸ்ஸில் வந்தது. சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி வரை சாரல் பிடித்து அடித்திருக்கிறது. கடைசி டப்பாவின் மூடி ஏற்கெனவே நெளிந்துபோனது. திறந்தால் புளித்த வாடை. ரீல் முழுக்க வெயிலில் இளகின கருப்பட்டி மாதிரி ஒட்டிக்கிடந்தது.

முதலாளியம்மா படியேறி கேபினுக்கே வந்தார்கள்.

"ஓடுமா?"

"ஓடாதும்மா. ஏத்துனா மெஷின் பிச்சுப் போட்டுரும்."

"மத்த டப்பா?"

"அதெல்லாம் நல்லாருக்கு."

"முடிவு என்னன்னு நோட்டீஸ்ல இருக்குமே, பாரு."

படத்தோடு கதைச் சுருக்கம் அச்சடித்த நோட்டீஸ் வந்திருந்தது. மூன்று நண்பர்கள் ஊரில் இருந்ததை விற்றுவிட்டு, கழுதையோடு மேற்கே புறப்படுகிறார்கள், மலையில் தங்கம் தோண்டுகிறார்கள் என்று தமிழில் விளக்கமாகப் போட்டிருந்தது. கடைசி வரியை வாசித்துக் காட்டினேன்: தங்கம் கிடைத்ததா? மீதியை வெள்ளித்திரையில் காண்க.

"நல்லாக் கண்டோம்" என்றார்கள் அம்மா. பிறகு கொஞ்சம் யோசித்து, "இருக்கதக் காட்டு. ஆனா டிக்கெட் குடுக்கும்போதே சொல்லிரணும். உக்காந்த பெறகு சொன்னா பெஞ்சைப் பேத்துருவானுவ" என்று இறங்கிப் போனார்கள்.

மைக்கில் அவர்களே பேசினார்கள். "எல்லாரும் கேட்டுக்கிடுங்க. கடைசி டப்பா மழையில நனஞ்சிட்டு. இந்தப் படத்துக்கு முடிவு கிடையாது. முடிவு வேணுங்கிறவுக நேரா கோயிலுக்குப் போங்க. வேண்டாங்கிறவுக உள்ள வாங்க." கூட்டம் சிரித்தது. சிரித்துக்கொண்டே உள்ளே வந்தது.

படத்தில் ஒருவன் நெட்டை. வரைபடம் அவன் கையில், அதைத் தலைகீழாகப் பிடித்திருப்பான். ஒருவன் தடியன். தோண்டுவதைவிட்டுச் சமைத்துக்கொண்டே இருப்பான். மூன்றாவது ஆள் குட்டை, எங்கே உட்கார்ந்தாலும் தூங்கிவிடுவான். அவன் தூங்கும்போது கழுதை அவன் கால் ஜோட்டைத் தின்றுவிடும். அதன் பிறகு அவன் கல்லிலும் முள்ளிலும் குதித்துக் குதித்து வரும்போதெல்லாம் கொட்டகை அதிர்ந்தது.

பேச்சு யாருக்கும் புரியவில்லை. ஆனால் அவர்கள் கடப்பாரையை எடுத்ததும் எல்லாருக்கும் எல்லாமும் புரிந்துவிட்டது. வந்திருந்தவர்களில் பாதிப் பேர் கிழக்கே கரிசல் காட்டு ஊர்க்காரர்கள். கிணறு வெட்டிக் கை காய்த்தவர்கள். தரை டிக்கெட்டிலிருந்து ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள்.

"ஏலே, அங்கன தோண்டாதல! அது சுக்கான் பாறை!"

"நெட்டையன் பேச்சக் கேட்டா வெளங்குன மாதிரிதான்."

"மண்ண வெளிய தள்ளாம உள்ளயே போடுதான் பாரு, மூதேவி!"

இருக்கிற ரீல்களின் கடைசிக் காட்சியில், குட்டையன் குழிக்குள் நின்றுகொண்டு இரண்டு கையையும் தூக்கி வாயைப் பிளந்து கத்துவான். மேலே இருக்கும் இருவரும் எட்டிப் பார்ப்பார்கள். அவ்வளவுதான். திரை வெள்ளையானது. நான் வழக்கப்படி 'சுபம்' ஸ்லைடைச் செருகப் போனேன். கீழே இருந்து ஆள் ஓடிவந்து சொன்னான்: "அம்மா சொல்லுதாவ, சுபம் போடாதீங்கன்னு. சுபமா இல்லியான்னு நமக்கே தெரியாதாம். வணக்கம் போடணுமாம்."

வணக்கம் போட்டேன். ஒருவரும் பெஞ்சைப் பெயர்க்கவில்லை. "கெடச்சிருக்கும்", "கெடச்சிருக்காது" என்று பேசிக்கொண்டே கலைந்தார்கள்.

மறுநாள் காலையில் நான் கொட்டகைக்குப் போனபோது மூன்று பேர் வாசலில் நின்றார்கள். மூத்தவர் வெள்ளைச்சாமி. அவருடைய தம்பி மாடசாமி. இருவருக்கும் பின்னால் தோளில் ஒரு துணிப்பையோடு நின்ற வாலிபன் இசக்கி, மூத்தவருடைய மனைவிக்குத் தம்பி. கழுகுமலை ரோட்டில் ஒரு கரிசல் ஊர்.

"ஆபரேட்டர் அண்ணாச்சி," என்றார் வெள்ளைச்சாமி, "அந்தக் குழிக்குள்ள கத்துனாமில்லா, அவன் எதுக்குக் கத்துனான்? கெடச்சிதா, இல்லியா?"

"எனக்கும் தெரியாதுங்க. டப்பா நனஞ்சிட்டே."

"அப்படிச் சொல்லப்பிடாது" என்றார் மாடசாமி. "நாங்க ஊருக்குப் போறதுக்குள்ள தெரிஞ்சாகணும்."

சத்தம் கேட்டு முதலாளியம்மா வந்தார்கள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "என்னன்னு மொதல்லேருந்து சொல்லுங்க" என்றார்கள்.

சொன்னார்கள். அண்ணன் தம்பி இருவரும் சேர்ந்து தங்கள் காட்டில் கிணறு வெட்டியிருக்கிறார்கள். பாறை குறுக்கே வந்துவிட்டது. வெடி வைத்துப் பார்த்தும் ஈரம்கூடக் காணவில்லை. போதும், நிறுத்துவோம் என்கிறார் அண்ணன். இன்னும் ஓர் ஆள் மட்டம் போனால் ஊற்று என்கிறார் தம்பி. தபசன்று கோயிலில் பூக்கட்டிப் பார்த்திருக்கிறார்கள். உங்களுக்குத் தெரிந்ததுதான்: வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம், அம்மன் முன்னால் போட்டு ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வது. குழந்தை எடுத்ததில் வெள்ளைப் பூ வந்தது.

"பெறகென்ன, உத்தரவு வந்துட்டே?" என்றார்கள் அம்மா.

"வந்துட்டு. வெள்ளன்னா தோண்டணும்" என்றார் மாடசாமி.

"செவப்புன்னாதாம்ல தோண்டணும்!" என்றார் வெள்ளைச்சாமி. "நல்ல காரியத்துக்குச் செவப்பத்தான நெனப்பாவ?"

"கட்டும்போது வாயத் தொறந்து சொல்லிக்கிடலியா?" என்றார்கள் அம்மா.

சொல்லிக்கொள்ளவில்லை. ஆளுக்கொன்றை மனதில் நினைத்துக்கொண்டு கும்பிட்டிருக்கிறார்கள். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் மாடசாமி அடுத்துச் சொன்னதில் சிரிப்பு நின்றுவிட்டது.

"தோண்டலேன்னா என் பங்கப் பிரிச்சுக் குடுத்துரச் சொல்லுதேன். காடு, மாடு, வீடு எல்லாம். எனக்கு வாறத வச்சு நான் தோண்டிக்கிடுதேன்."

"பிரிச்சுக்கிட்டுப் போ" என்றார் அண்ணன். முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் சொன்னார்.

இசக்கி துணிப்பையைத் தோளிலிருந்து இறக்காமலே நின்றான். அவனுக்குத் தாய் தகப்பன் இல்லை, அக்கா வீட்டில் வளர்ந்தவன் என்று பேச்சில் தெரிந்தது. காட்டில் அவனுக்குப் பங்கு கிடையாது. கிணற்றுக்குள் இறங்கி வெடிக்குத் துளை போட்டது முழுக்க அவன்தான். வீடு இரண்டானால் அவன் எந்த வாசலில் நிற்பது?

முதலாளியம்மா என்னைப் பார்த்தார்கள். "அந்த டப்பாவப் பிரி."

"பிரிச்சா மருந்து உரிஞ்சிரும்மா. கம்பெனிக்காரர் கேப்பாரு."

"கேட்டா நான் பதில் சொல்லிக்கிடுதேன். அது எப்படியும் கெட்டதுதான். ஆனா ஒண்ணு. பாத்ததச் சொல்லு. நெனச்சதச் சொல்லாத."

அதுதான் நான் செய்த வேலைகளிலேயே கடினமானது. ஒட்டின ரீலைக் கையால் இழுத்தால் படம் உரிந்து அடுத்த சுற்றின் முதுகில் ஒட்டிக்கொள்ளும். ஒரு பெரிய அண்டாவில் தண்ணீர் நிரப்பி, ரீலை அப்படியே முக்கி வைத்தேன். இழுக்கக் கூடாது. அது தானாக இளகி, ஒரு சுற்று மேலே மிதக்கும்போது அதை மட்டும் விரலால் ஏந்தி எடுக்க வேண்டும். பிறகு அடுத்த சுற்று. எடுத்ததைக் காயப்போட நீளமான கொடி வேண்டும். கொட்டகையில் இருந்தது மக்கிப்போன தாம்புக்கயிறு. அது படத்தைக் கீறிவிடும்.

அப்போது இசக்கி தன் துணிப்பையிலிருந்து ஒரு புது நூல்கயிற்றை எடுத்தான். கடையில் கட்டின கட்டுகூடப் பிரிக்கவில்லை. "ஏலே, அது..." என்று மாடசாமி ஏதோ சொல்ல வந்தார். அதற்குள் அவன் வேப்பமரத்துக்கும் கேபின் படிக்கும் இழுத்துக் கட்டிவிட்டான்.

வெயில் ஏற ஏறப் படச்சுருள் கொடியில் தொங்கியது. மூன்று பேரும் சூரியனுக்கு நேரே பிடித்துப் பார்த்தார்கள். முதலில் குட்டையன் கத்துவது. மேலே இருவர் எட்டிப் பார்ப்பது. அதற்கு அடுத்து, எது வேண்டுமோ அது இல்லை. மருந்து கரைந்து, வெறும் கண்ணாடி மாதிரி நீளமாக ஓடியது. அந்தப் பாழ் முடிந்து மறுபடி படம் தெரிந்தபோது, ஒரு சாலை. தூரத்தில் தொப்பி போட்ட மூன்று பேர் முதுகு காட்டிப் போகிறார்கள். அதற்குப் பிறகு இருந்ததெல்லாம் சேறு.

"வெறுங்கையா போறானுவ பாரு" என்றார் வெள்ளைச்சாமி. "ஒண்ணும் கெடைக்கல."

"கழுத எங்க? மூட்டைய ஏத்திக்கிட்டு முன்னால போயிருக்கும்."

"கழுதயும் செத்திருக்கும்வே."

"அப்பம் எதுக்கு நெட்டையன் கையத் தூக்கி ஆட்டுதான்? சந்தோசத்துல ஆட்டுதான்."

"கொசுவ வெரட்டுதாம்ல!"

பேச்சு ஏறியது. பழைய கணக்கெல்லாம் வந்தது. யாருடைய மாடு முதலில் செத்தது, யார் சொல்லி அந்த இடத்தில் கிணறு வைத்தது என்பது வரைக்கும் போய்விட்டது. இசக்கி மட்டும் அந்தத் துண்டை இரண்டு கையாலும் ஏந்தி, கண்ணைச் சுருக்கிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு திரும்பினான்.

"அத்தான், கெடச்சிதோ கெடைக்கலியோ. மூணு பேரும் ஒண்ணாத்தான திரும்பிப் போறாவ?"

இருவரும் பேச்சை நிறுத்தினார்கள். வெள்ளைச்சாமி என்னைப் பார்த்தார். "அப்படியா அண்ணாச்சி?"

நான் வாங்கிப் பார்த்தேன். நெட்டை, தடியன், பக்கத்தில் இன்னொரு தொப்பி. பார்த்ததைச் சொன்னேன். "ஆமா. மூணு பேருதான்."

நான் அந்தத் துண்டைக் கொடியில் திரும்பப் போட்டேன். பிறகு வெள்ளைச்சாமி, "ஏலே மாடா, பசிக்கி" என்றார். மாடசாமி தலையைக் குனிந்துகொண்டே, "வா, போயி ரெண்டு இட்லி திம்போம்" என்றார். மூவரும் போய்விட்டார்கள். கயிற்றை விட்டுவிட்டுப் போனதைப் பிறகுதான் கவனித்தோம். கேட்டு வரவே இல்லை. முதலாளியம்மா அதில் கொட்டகைத் திரைச்சீலைகளை வருஷக்கணக்கில் காயப்போட்டார்கள்.

கிணற்றை அவர்கள் மேலே தோண்டவில்லை, காட்டையும் பிரிக்கவில்லை. கம்பும் உளுந்தும் மழையை நம்பி விதைத்தார்கள். அடுத்த தபசுக்கு மூவரும் படம் பார்க்க வந்தார்கள். இப்போது அண்ணன் தம்பி இருவரும் இல்லை. அவர்கள் பிள்ளைகள் இன்றைக்கும் ஒரே ஏர். இசக்கியை உங்களுக்குத் தெரியும். தபசுக்குத் தபசு நம் வீட்டுக்கு உளுந்து கொண்டுவருகிறாரே, அவர்தான்.

கோமதி போன பிறகு போனில் அந்தப் படத்தைப் போட்டு உட்கார்ந்தேன். குட்டையன் கத்தினது எதற்குத் தெரியுமா? வெறுங்காலால் கடப்பாரை முனையை மிதித்துவிட்டான். அவ்வளவுதான். பாழாய்ப்போன அந்த நீளத்தில் இருந்தது ஒரு போலீஸ்காரன் வருகை. அடுத்தவன் நிலத்தில் தோண்டினதற்காக நெட்டையனையும் தடியனையும் பிடித்து ஊர் எல்லை வரை கூட்டிக்கொண்டு போகிறான். சாலையில் போன மூன்றாவது தொப்பி போலீஸ்காரனுடையது.

படத்தை அங்கேயே நிறுத்திவிட்டேன். அன்றைக்கு நான் நினைத்ததைச் சொல்லவில்லை, பார்த்ததைத்தான் சொன்னேன் என்று இத்தனை வருஷம் நம்பியிருந்தேன். இரண்டும் இவ்வளவு பக்கத்தில் இருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு குடும்பம் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு ஒன்றாக இருந்திருக்கிறது. இதை இசக்கியிடம் சொல்லவேண்டுமா, வேண்டாமா என்று ஒரு வாரம் யோசித்தேன். இந்த வயதில் அவருக்கு எதற்கு என்றும் தோன்றியது. ஆனால் எந்த முடிவைத் தெரிந்துகொள்ள அவர் வந்து நின்றாரோ அது என் சட்டைப் பையில் இருக்கும்போது சும்மா இருக்கவும் முடியவில்லை. பஸ் ஏறிவிட்டேன்.

ஐப்பசி மழை பெய்து காடு கறுத்துக் கிடந்தது. இசக்கி அந்தப் பழைய கிணற்று மேட்டில் உட்கார்ந்திருந்தார். ஊற்று இல்லாத கிணறு, ஆனால் மழைத் தண்ணீர் நிறைந்திருந்தது. வெள்ளைச்சாமி பேரன்களும் மாடசாமி பேத்திகளும் தொபுக் தொபுக்கென்று குதித்துக்கொண்டிருந்தார்கள்.

"இதுல வெவசாயம் ஆவாது அண்ணாச்சி. ஆனா எங்க ஊர்ப் பிள்ளைய எல்லாம் நீச்சல் படிச்சது இதுலதான்" என்றார்.

போனைக் கொடுத்தேன். சாலைக் காட்சி வந்ததும் சொல்லிவிட்டேன். "இசக்கி, அந்த மூணாவது ஆளு நம்ம ஆளு இல்ல. போலீஸ்காரன். நாம ரெண்டு பேருமே தப்பாப் பாத்திருக்கோம்."

"நீங்க தப்பாப் பாத்திய" என்றார் இசக்கி, கண்ணைப் போனிலிருந்து எடுக்காமலே. "நான் தப்பாப் பாக்கல. அந்த மூணாவது ஆளு காலப் பாருங்க, பூட்ஸு. நம்ம பயலுக்குத்தான் மொதல்லயே ஜோட்டக் கழுத தின்னுட்டே? அன்னைக்கு நானும் வெறுங்காலு. படம் முழுக்க அவன் காலத்தான பாத்துக்கிட்டிருந்தேன்."

குனிந்து பார்த்தேன், பூட்ஸ்தான். "பெறகு ஏன்வே அப்படிச் சொன்னீரு?"

"அந்த நூல்கயிறு ஞாபகம் இருக்கா? காட்ட அளந்து பிரிக்கதுக்கு மாடசாமி அத்தான் தபசுக் கடையில வாங்குனது. சொமந்துக்கிட்டு வந்தது நான்தான்."

கிணற்றுக்குள் ஒரு பிள்ளை குதித்து எங்கள் மேல் தண்ணீர் தெறித்தது. அவர் போனை வேட்டியில் துடைத்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

"அது கெடக்கட்டும். நம்ம பய என்ன ஆனான்? அதப் போடுங்க. அன்னையிலேருந்து எனக்கு அதுதான்."

போட்டேன். நானும் அப்போதுதான் பார்க்கிறேன். எல்லாரும் போன பிறகும் குட்டையன் குழிக்குள்ளேயே கிடக்கிறான். தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு தூங்குகிறான். கால் ஏதோ கட்டியின் மேல் இடிக்கிறது. புரண்டு படுக்கிறான். மறுபடி இடிக்கிறது. எரிச்சலோடு அதை ஓர் உதை விடுகிறான். அது உருண்டு வெயிலில் ஒரு தரம் மின்னுகிறது. அவன் காலை நீட்டி வசதியாகத் தூங்குகிறான்.

"தங்கமா, கல்லா?" என்றார் இசக்கி.

"கறுப்பு வெள்ளைப் படத்துல எப்படிவே தெரியும்?"

அவர் சிரிக்க ஆரம்பித்தார். கிணற்றுப் பிள்ளைகள் நீந்துவதை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்க்கும் அளவுக்குச் சிரித்தார். சிரிப்பு அடங்கின சமயம் போனில் இங்கிலீஷ் எழுத்து வந்து நின்றது. கண்ணைத் துடைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"என்ன போட்டிருக்கான்? சுபமா?"

எனக்கு முதலாளியம்மாவின் ஞாபகம் வந்தது.

"இல்ல. வணக்கம்னு போட்டிருக்கான்" என்றேன்.